திரைப்படங்களில் குணா குகை

குணா குகை என்பது தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டத்தில், பழனி மலைத்தொடரில் உள்ள கொடைக்கானல் நகருக்கு அருகே, தூண் பாறைகளை ஒட்டி அமைந்துள்ள ஆழமான பாறைப் பிளவுகளின் தொகுதி ஆகும். முன்னர் ஆங்கிலத்தில் "டெவில்ஸ் கிச்சன்" என அழைக்கப்பட்ட இவ்விடம், 1991ஆம் ஆண்டில் வெளிவந்த குணா என்னும் தமிழ்த் திரைப்படத்தின் முக்கியக் காட்சிகள் இங்கே எடுக்கப்பட்டதைத் தொடர்ந்து இப்பெயரைப் பெற்றது. 2006ஆம் ஆண்டில் இங்கு நிகழ்ந்த ஒரு விபத்தும் மீட்பும், 2024ஆம் ஆண்டில் வெளிவந்த மஞ்ஞும்மல் பாய்ஸ் என்னும் மலையாளத் திரைப்படத்தின் கதையாயின.

ஒரு திரைப்படம் ஓர் இடத்துக்குப் பெயர் கொடுத்து, அப்பெயர் மக்களை அவ்விடத்துக்கு ஈர்த்து, அங்கு நேர்ந்த விபத்து மற்றொரு திரைப்படமாகி, அது மீண்டும் முதல் படத்தை நினைவூட்டியதற்கு இக்குகை ஓர் எடுத்துக்காட்டு ஆகும். இக்கட்டுரை இக்குகையுடன் தொடர்புடைய திரைப்படங்களையும், அவற்றின் நினைவு தலைமுறை கடந்து நிலைக்கத் தொலைக்காட்சி ஆற்றிய பங்கையும், இத்தகைய தொடர்புகளை இனங்காணும் முறைகளையும் விளக்குகிறது.

பெயர்

"டெவில்ஸ் கிச்சன்" என்னும் ஆங்கிலப் பெயருக்குச் சாத்தானின் சமையலறை என்பது பொருள். பாறைப் பிளவுகளிலிருந்து மேலெழும் மூடுபனி அடுப்புப் புகையை ஒத்திருப்பதால் இப்பெயர் ஏற்பட்டது என்று பொதுவாக விளக்கம் கூறப்படுகிறது. பாண்டவர்கள் வனவாசத்தின்போது இங்கே தங்கிச் சமைத்தார்கள் என்னும் செவிவழிக் கதையும் உண்டு. இரண்டு விளக்கங்களும் சமையலைச் சுற்றியே அமைந்துள்ளமை குறிப்பிடத்தக்கது.

குணா திரைப்படத்துக்குப் பின்னர் "குணா குகை" என்னும் பெயர் வழிகாட்டிகள், வாடகை வண்டி ஓட்டுநர்கள், சுற்றுலாப் பயணிகள் ஆகியோரிடையே வேரூன்றியது. இன்று பழைய ஆங்கிலப் பெயரைவிடத் திரைப்படப் பெயரே பரவலாக வழங்குகிறது. படத்தைப் பார்த்திராதவர்களும் இவ்விடத்தை அப்பெயராலேயே அறிகின்றனர்.

அமைவும் நிலவியலும்

பழனி மலைகள் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கி நீளும் கிளைத் தொடராகும். கொடைக்கானல் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. 1821ஆம் ஆண்டில் பி. எசு. வார்டு என்னும் ஆங்கிலேய அளவையாளர் இம்மலைகளை அளவாய்வு செய்தார். 1845ஆம் ஆண்டில் அமெரிக்க மறைப்பணியாளர்கள் இங்கு வீடுகள் அமைத்ததைத் தொடர்ந்து கொடைக்கானல் கோடை வாழிடமாக வளர்ந்தது.

இம்மலைகள் பெரும்பாலும் சார்னோக்கைட்டு என்னும் மிகத் தொன்மையான கடினப் பாறையால் ஆனவை. மலையின் தென் விளிம்பில் இப்பாறைகள் செங்குத்தான விரிசல்களாகப் பிளவுபட்டுள்ளன. விரிசல்களுக்கு இடையே எஞ்சி நிற்பவையே ஏறத்தாழ 122 மீட்டர் (400 அடி) உயரமுள்ள தூண் பாறைகள் எனப்படுகின்றன. பாறைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளிகளே குணா குகை.

ஆகவே, "குகை" என்னும் சொல் இவ்விடத்தின் தன்மையைச் சரியாக உணர்த்துவதில்லை. கிடைமட்டமாக நடந்து செல்லக்கூடிய சுண்ணாம்புப் பாறைக் குகைகளைப் போலன்றி, இது கிணறுபோல் கீழ்நோக்கி இறங்கும் பிளவுகளைக் கொண்டது. மேற்பரப்பில் சோலை மரங்களின் வேர்கள் பின்னிக் கிடக்கின்றன. உதிர்ந்த இலைகளும் பாசியும் பிளவுகளின் வாயை மறைப்பதுண்டு. மழைக்காலத்தில் நீர் வழிந்து பாறைகள் வழுக்கும். உட்பகுதியில் வெளவால்கள் வாழ்கின்றன. இங்கு நேர்ந்த விபத்துகளுக்கு இவ்வமைப்பே அடிப்படைக் காரணம் ஆகும்.

குணா (1991)

குணா, சந்தான பாரதி இயக்கத்தில் கமல்ஹாசன் நடித்து 1991ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் தீபாவளியன்று வெளிவந்தது. மணிரத்னம் இயக்கத்தில் ரசினிகாந்து நடித்த தளபதியும் அதே நாளில் வெளியானது. இரண்டு படங்களுக்கும் இசையமைத்தவர் இளையராசா ஆவார்.

படத்தின் நாயகனான குணா மனநலம் குன்றியவன். அபிராமி என்னும் தெய்வப் பெண் ஒரு பௌர்ணமி நாளில் தன்னை மணப்பாள் என அவன் நம்புகிறான். கோயிலில் காணும் ரோகிணி என்னும் செல்வந்தர் வீட்டுப் பெண்ணையே அபிராமி எனக் கருதி மலைப்பகுதிக்குக் கடத்திச் செல்கிறான். முதலில் அஞ்சும் அவள், காலப்போக்கில் அவனது களங்கமற்ற அன்பை உணர்கிறாள். அவள் கொல்லப்பட, அவளது உடலைத் தாங்கியபடி அவன் மலைமுகட்டிலிருந்து குதிப்பதுடன் படம் முடிவடைகிறது. ரோகிணியாக ரோசினி நடித்தார். சனகராசு, ரேகா, எசு. வரலட்சுமி, கிரீசு கர்னாடு, எசு. பி. பாலசுப்பிரமணியம் ஆகியோரும் நடித்துள்ளனர்.

இப்படத்துக்கு முதலில் "மதிகெட்டான் சோலை" என்று பெயரிடப்பட்டிருந்தது. இது கொடைக்கானல் பகுதியில் உள்ள ஒரு சோலைக்காட்டின் பெயர். உள்ளே நுழைந்தவர் திசை தடுமாறி அறிவு மயங்குவர் என்னும் நம்பிக்கை அப்பெயரில் அடங்கியுள்ளது. மனம் பிறழ்ந்தவனைப் பற்றிய கதைக்கு அது பொருத்தமான தலைப்பாகவே இருந்தது. ஓர் ஊர்ப்பெயர் படத்தின் தலைப்பாக இருந்து கைவிடப்பட்டு, பின்னர் படத்தின் தலைப்பே மற்றொரு ஊர்ப்பெயராக மாறியது.

படப்பிடிப்பு

குகைக் காட்சிகள் உண்மையான பிளவுகளுக்குள்ளேயே எடுக்கப்பட்டன. ஒளிப்பதிவாளர் வேணு ஆவார். பாறைகளுக்கிடையே மேலிருந்து கீற்றாக விழும் ஒளி இப்படத்தின் அடையாளமாயிற்று. ஒளிப்பதிவுக் கருவிகளையும் விளக்குகளையும் கயிறு கட்டி இறக்க வேண்டியிருந்ததாகப் படக்குழுவினர் பின்னாளில் நேர்காணல்களில் கூறியுள்ளனர்.

பாடல்

"கண்மணி அன்போடு காதலன்" எனத் தொடங்கும் பாடல் இக்குகையில் படமாக்கப்பட்டது. வாலி எழுதிய இப்பாடலைக் கமல்ஹாசனும் எசு. சானகியும் பாடியுள்ளனர். எழுதத் தெரியாத நாயகன் தன் மனத்தில் உள்ளதைக் கடிதமாகச் சொல்ல, நாயகி அதைத் திருத்தமான வடிவில் பாடுவதாக இது அமைந்துள்ளது. பேச்சும் பாட்டும் மாறி மாறி வரும் இவ்வடிவம் அக்காலத் தமிழ்த் திரையிசையில் அரிதானதாகும்.

வணிக அளவில் படம் பெரும் வெற்றி பெறவில்லை. எனினும் சிறந்த தமிழ் நடிகருக்கான பிலிம்பேர் விருது கமல்ஹாசனுக்கு இப்படத்துக்காக வழங்கப்பட்டது. படத்தின் மதிப்பு ஆண்டுகள் செல்லச் செல்ல உயர்ந்தது.

தொலைக்காட்சி வழிப் பரவல்

திரையரங்கை விட்டு நீங்கிய பழைய படம் ஒன்றை மீண்டும் காண, இணையத்துக்கு முந்தைய காலத்தில் ஒலிநாடா, ஒளிநாடா, தொலைக்காட்சி ஆகியவையே வழியாக இருந்தன. இவற்றுள் தொலைக்காட்சியின் வரலாற்றில் கொடைக்கானலுக்குத் தனி இடம் உண்டு.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975ஆம் ஆண்டு ஆகத்து 15ஆம் நாள் தொடங்கியது. ஆயினும் அதன் ஒளிபரப்பு தென் மாவட்டங்களை நேரடியாக எட்டவில்லை. 1982ஆம் ஆண்டில் இலங்கையில் ரூபவாகினி தொடங்கப்பட்ட பின்னர், தென் தமிழ்நாட்டில் பலர் உயரமான அலைவாங்கிகளை நிறுவி அதனைக் கண்டனர். கொடைக்கானலில் உயர்திறன் ஒளிபரப்பி அமைக்கப்பட்டதும் தென் மாவட்ட வீடுகளுக்குத் தூர்தர்சனின் தமிழ் நிகழ்ச்சிகள் தெளிவாகக் கிடைத்தன. கூரை மேலிருந்த அலைவாங்கிகள் கொடைக்கானலை நோக்கித் திருப்பப்பட்டன.

இதற்கு மலையின் உயரமே காரணம். தொலைக்காட்சிக்குப் பயன்படும் மீயுயர் அதிர்வெண் அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்பவை. புவியின் வளைவு அவற்றை மறைக்கும். ஒளிபரப்பியின் உயரம் மீட்டரில் தரப்பட்டால், அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கி வருவது கிலோமீட்டரில் அலை எட்டும் எல்லையாகும். சமவெளியிலிருந்து 1,900 மீட்டர் உயரத்துக்கு இது ஏறத்தாழ 180 கி.மீ. ஆகிறது. மதுரை, திருச்சிராப்பள்ளி, திருநெல்வேலி ஆகியவை கொடைக்கானலிலிருந்து நேர்த்தொலைவில் இந்த எல்லைக்குள் அமைகின்றன. இடையில் வேறு மலைகள் மறைத்தால் இத்தொலைவு குறையும். அதே 1,900 மீட்டரைச் சமவெளியில் கோபுரமாகக் கட்டுவது இயலாதது.

தூர்தர்சனில் வெள்ளிக்கிழமை மாலையில் ஒளிபரப்பான "ஒளியும் ஒலியும்" நிகழ்ச்சி திரைப்படப் பாடல் காட்சிகளைத் தொகுத்து வழங்கியது. வார இறுதியில் முழுநீளத் திரைப்படம் ஒளிபரப்பாகும். 1993ஆம் ஆண்டில் சன் தொலைக்காட்சி தொடங்கப்பட்ட பின்னர்த் தனியார் அலைவரிசைகளும் பாடல் நிகழ்ச்சிகளையும் பழைய படங்களையும் மிகுதியாக ஒளிபரப்பின.

இத்தகைய பாடல் நிகழ்ச்சிகள் பாடலைப் படத்திலிருந்து பிரித்தெடுத்துத் தனியாகக் காட்டின. அதனால், படத்தின் கதையை அறியாதவர்க்கும் ஒரு பாடலின் மெட்டும் அதன் காட்சியிடமும் சேர்ந்தே நினைவில் பதிந்தன. ஒரு பிற்காலப் படத்தில் சில நொடிகள் அம்மெட்டு ஒலித்தாலே பார்வையாளர் பழைய படத்தை இனங்காண்பதற்கு இந்நினைவே துணைபுரிகிறது.

2020களின் தொடக்கத்தில் தூர்தர்சன் தனது தரைவழி அனலாக் ஒளிபரப்பை நாடெங்கும் படிப்படியாக நிறுத்திக்கொண்டது.

2006ஆம் ஆண்டு விபத்து

2006ஆம் ஆண்டில் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் உள்ள மஞ்ஞும்மல் என்னும் ஊரைச் சேர்ந்த இளைஞர் குழு ஒன்று கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்தது. குணா குகையைக் காணச் சென்றபோது அவர்களுள் ஒருவர் ஆழமான பிளவு ஒன்றில் விழுந்தார். பிளவின் குறுகிய அமைப்பு, இருள், மழைநீர் ஆகியவற்றால் மீட்பு கடினமாயிற்று. இறுதியில் அவருடைய நண்பர் ஒருவரே கயிற்றின் துணையுடன் உள்ளே இறங்கி அவரை உயிருடன் மேலே கொண்டுவந்தார். மீட்டவருக்குப் பின்னர் இந்திய அரசின் சீவன் ரட்சா பதக்கம் வழங்கப்பட்டது.

குணா வெளிவந்து 15 ஆண்டுகளுக்குப் பின்னர் இது நிகழ்ந்தது. வேறு மாநிலத்தவரான இவ்விளைஞர்களுக்கும் அவ்விடத்தை அறிமுகப்படுத்தியது திரைப்படப் பெயரே என்பது இவ்விபத்தின் ஒரு கூறாகும்.

மஞ்ஞும்மல் பாய்ஸ் (2024)

சிதம்பரம் எழுதி இயக்கிய மஞ்ஞும்மல் பாய்ஸ் 2024ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆம் நாள் வெளிவந்தது. மேற்கண்ட உண்மை நிகழ்வைத் தழுவியது. சௌபின் சாகிர், சிறீநாத் பாசி ஆகியோர் முதன்மை வேடங்களில் நடித்தனர். ஒளிப்பதிவு சைசு காலித், இசை சுசின் சியாம்.

இப்படத்துக்கும் குணாவுக்கும் உள்ள தொடர்பு மறைமுகமானதன்று. கதைமாந்தர்கள் குணா படத்தை அறிந்தவர்கள். அப்படம் எடுக்கப்பட்ட இடம் என்பதாலேயே குகைக்குச் செல்கின்றனர். நண்பன் மேலே கொண்டுவரப்படும் உச்சக்கட்டத்தில் "கண்மணி அன்போடு காதலன்" பாடல் ஒலிக்கிறது. காதலன் ஒருவன் காதலிக்குச் சொல்லும் பாடல், இங்கே ஒரு நண்பன் மற்றொரு நண்பனுக்காக உயிரைப் பணயம் வைக்கும் தருணத்தில் புதிய பொருளைப் பெறுகிறது. குணா பாடலைக் கேட்டு வளர்ந்த தமிழ்நாட்டுப் பார்வையாளர்கள் திரையரங்குகளில் இக்காட்சியைப் பெரும் ஆரவாரத்துடன் வரவேற்றனர். மொழிமாற்றம் செய்யப்படாத மலையாள வடிவிலேயே படம் தமிழ்நாட்டில் பெருவெற்றி பெற்றது.

குகையின் உட்பகுதிக் காட்சிகளுக்காகக் கலை இயக்குநர் அசயன் சாலிசேரி கேரளத்தின் பெரும்பாவூரில் குகையைப் போன்ற அரங்கை அமைத்தார். 1991ஆம் ஆண்டில் உண்மையான பிளவுக்குள் இறங்கிப் படமெடுத்த நிலைக்கு மாறாக, 2024ஆம் ஆண்டுப் படத்தில் அப்பிளவு செயற்கையாக உருவாக்கப்பட்டது.

இப்படம் 200 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்த முதல் மலையாளத் திரைப்படம் எனப் பரவலாகச் செய்தி வெளியானது. 2024ஆம் ஆண்டின் சிறந்த திரைப்படத்துக்கான கேரள மாநிலத் திரைப்பட விருது இதற்கு அறிவிக்கப்பட்டது. படக்குழுவினர் சென்னையில் கமல்ஹாசனைச் சந்தித்தனர்.

பாடல் உரிமை

2024ஆம் ஆண்டு மே மாதத்தில், தம் இசையமைப்பில் உருவான பாடல் அனுமதியின்றிப் பயன்படுத்தப்பட்டதாக இளையராசா தரப்பிலிருந்து படத்தயாரிப்பாளர்களுக்கு வழக்கறிஞர் அறிவிக்கை அனுப்பப்பட்டது. இசை உரிமை பெற்ற நிறுவனங்களிடமிருந்து முறையாக உரிமை பெற்றிருப்பதாகத் தயாரிப்புத் தரப்பு தெரிவித்தது. ஒரு பழைய படத்தை மேற்கோள் காட்டுவது கலைச் செயலாக மட்டுமன்றிச் சட்டம் சார்ந்த செயலாகவும் இருப்பதை இது உணர்த்துகிறது.

தொடர்புகளின் வகைகள்

திரைப்படங்களுக்கும் பழைய தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கும் இடையே காணப்படும் தொடர்புகளைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

நேரடி மேற்கோள்: முந்தைய படைப்பின் பாடல், உரையாடல், காட்சி ஆகியவற்றைப் பிந்தைய படைப்பு வெளிப்படையாகப் பயன்படுத்துவது. மஞ்ஞும்மல் பாய்சில் குணா பாடல் இடம்பெறுவது இவ்வகையைச் சேர்ந்தது. இதற்குத் தனிச் சான்று தேவையில்லை, படைப்பே சான்று.

இடத் தொடர்பு: இரு படைப்புகள் ஒரே இடத்தில் படமாக்கப்படுவது. இது மட்டுமே கருத்துத் தொடர்பைக் காட்டாது. எடுத்துக்காட்டாக, பாசில் இயக்கிய மஞ்ஞில் விரிஞ்ஞ பூக்கள் என்னும் மலையாளப் படம் 1980ஆம் ஆண்டிலேயே கொடைக்கானலைப் பின்னணியாகக் கொண்டு வெளிவந்தது. மோகன்லால் திரையில் அறிமுகமான படம் இது. ஆயினும் குணாவுடன் இதற்குக் கதைத் தொடர்பு இல்லை. மலையாளத் திரைப்படத்துக்கும் கொடைக்கானலுக்கும் உள்ள உறவு 2024ஆம் ஆண்டில் தொடங்கியதன்று என்பதை மட்டுமே இது காட்டுகிறது.

கலைஞர் தொடர்பு: ஒரே கலைஞர்கள் வெவ்வேறு படைப்புகளில் பணியாற்றுவதால் ஏற்படுவது. குணாவின் கதையை எழுதிய சாப் சான், அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர்க் கமல்ஹாசன் நடித்த சாணக்கியன் (1989) என்னும் மலையாளப் படத்தின் எழுத்தாளர். ஒளிப்பதிவாளர் வேணுவும் மலையாளத் திரையுலகைச் சேர்ந்தவரே. குணா உருவாக்கத்திலேயே மலையாளப் பங்களிப்பு இருந்தது என்பது இரு படங்களையும் ஒப்பிடும்போது பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை.

இலக்கியத் தொடர்பு: பழைய நூல் அல்லது தொன்மத்தைப் படைப்பு சார்ந்திருப்பது. குணாவில் வரும் அபிராமி என்னும் பெயரும் பௌர்ணமியும் திருக்கடையூர் அபிராமி பட்டரின் வரலாற்றை நினைவூட்டுகின்றன. அமாவாசையைப் பௌர்ணமி என்று சொன்னவரை உலகம் பித்தர் என்றது. அபிராமி நிலவைத் தோன்றச் செய்து அவர் சொல்லை மெய்யாக்கினாள் என்பது அவ்வரலாறு. படத்தில் கே. சே. யேசுதாசு பாடும் பாடலில் அபிராமி அந்தாதிச் செய்யுளும் இடம்பெறுவதால் இத்தொடர்பு உறுதியானது.

கதைக்கரு ஒற்றுமை: இரு கதைகள் ஒத்திருப்பது. ஆராயாமல் முடிவு செய்யும் பிழை மிகுதியாக நேர்வது இவ்வகையில்தான். பெண்ணைக் கடத்தி வைத்து அவள் அன்பைப் பெற முயலும் ஆண் என்னும் கதைக்கரு, வில்லியம் வைலர் இயக்கிய தி கலெக்டர் (1965), எசுப்பானிய இயக்குநர் பெத்ரோ அல்மொதோவாரின் அத்தாமே (1990) ஆகிய படங்களிலும் உண்டு. குணாவுக்குப் பின்னர் செல்வராகவன் இயக்கிய காதல் கொண்டேன் (2003) படத்திலும் மனநலம் பாதிக்கப்பட்ட இளைஞன் தான் நேசிக்கும் பெண்ணைக் காட்டு வீட்டுக்கு அழைத்துச் செல்கிறான். மலைமுகட்டில் கதை முடிகிறது. இவை ஒப்பிடத்தக்கவை. ஆனால் ஒற்றுமை ஒன்றே தழுவலுக்குச் சான்றாகாது.

தொடர்புகளைச் சரிபார்த்தல்

ஒரு தொடர்பை உறுதி செய்யப் பின்வரும் வினாக்கள் உதவும்.

* எது முந்தையது? வெளியான ஆண்டைக் கொண்டு திசையை முதலில் உறுதி செய்ய வேண்டும். தொலைக்காட்சி நிகழ்ச்சியாயின் முதல் ஒளிபரப்பையும் மறு ஒளிபரப்பையும் பிரித்தறிய வேண்டும்.
* முந்தையதைப் பிந்தையவர் பார்த்திருக்க வாய்ப்பு உண்டா? சில மாத இடைவெளியில் வெவ்வேறு நாடுகளில் வெளியான படங்களில் இவ்வினா முக்கியமானது.
* படத்தின் தொடக்க அல்லது இறுதிப் பெயர்ப் பட்டியலில் நன்றி, உரிமை, மூலக்கதை ஆகியவை குறிப்பிடப்பட்டுள்ளனவா?
* படைப்பாளர் தாமே அதைப் பற்றிக் கூறியுள்ளாரா?
* ஒற்றுமை பொதுவானதா, குறிப்பானதா? மலைமுகட்டில் முடியும் காதல் கதைகள் பல. ஒரே பாடலும் ஒரே பெயரும் தற்செயலாக அமைவது அரிது.
* இடம் சரியானதா? மலை, மூடுபனி, யூக்கலிப்டசு மரங்கள் ஆகியவை கொடைக்கானலிலும் உதகமண்டலத்திலும் ஒன்றுபோலவே தோன்றும்.

கடைசி வினாவுக்கு எளிய தடயம் ஒன்று உண்டு. கொடைக்கானல் மலைமேல் தொடர்வண்டிப் பாதை இல்லை. "கொடைக்கானல் ரோடு" நிலையம் மலையடிவாரத்துக்கு அப்பால் சமவெளியில் அம்மையநாயக்கனூரில் உள்ளது. எனவே குளிர்மலை நகரில் தொடர்வண்டி நிலையம் காட்டப்பட்டால் அது கொடைக்கானலாக இருக்க இயலாது. பாலு மகேந்திராவின் மூன்றாம் பிறை (1982) படத்தின் புகழ்பெற்ற இறுதிக் காட்சி நீலகிரி மலை இருப்புப்பாதையில் உள்ள கேத்தி நிலையத்தில் எடுக்கப்பட்டது.

பரவலான தவறான கருத்துகள்

* குணா படக்குழுவினரே குகையைக் கண்டுபிடித்தனர் என்பது தவறு. அதற்கு நெடுங்காலம் முன்பே அது டெவில்ஸ் கிச்சன் என்று அறியப்பட்டிருந்தது.
* மஞ்ஞும்மல் பாய்ஸ், குணாவின் தொடர்ச்சியோ மறுவாக்கமோ அன்று. அது உண்மை நிகழ்வைச் சார்ந்த தனிக்கதை.
* மஞ்ஞும்மல் பாய்சில் காணும் குகையின் உட்புறம் உண்மையான குகை அன்று, அரங்கமைப்பு.
* குணாவின் பழைய தலைப்பாகிய மதிகெட்டான் சோலை கொடைக்கானல் பகுதியைச் சேர்ந்தது. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் இதே பெயருடைய தேசியப் பூங்கா வேறானது.

பாதுகாப்பும் தற்போதைய நிலையும்

குகைப் பகுதி வனத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ளது. பிளவுகளுக்குள் இறங்க அனுமதி இல்லை. அபாயமான பகுதிகள் கம்பி வேலியிட்டு அடைக்கப்பட்டுள்ளன. பயணிகள் மரவேர்ப் பரப்பையும் பாறை முகப்பையும் வெளியிலிருந்து காணலாம்.

மஞ்ஞும்மல் பாய்ஸ் வெளியான பின்னர் இங்கு வருவோர் எண்ணிக்கை பெருகியது. தடுப்பைத் தாண்டி உள்ளே நுழைந்த இளைஞர்கள் மீது 2024ஆம் ஆண்டில் வனத்துறை நடவடிக்கை எடுத்தது. குகையில் விழுந்தவனின் வேதனையையும் வேலி தாண்டியதன் விளைவையும் விரிவாகக் காட்டிய படமே வேலியைத் தாண்டத் தூண்டியது. 1991ஆம் ஆண்டுப் படத்தால் பரவிய பெயர் 2006ஆம் ஆண்டில் ஈர்த்ததைப் போலவே, 2024ஆம் ஆண்டுப் படமும் புதிய தலைமுறையை ஈர்க்கிறது. கொடைக்கானலுக்கும் உதகமண்டலத்துக்கும் செல்லும் வண்டிகளின் நெரிசலைக் கணக்கிடும் பொருட்டு, சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் முதல் மின்னனுமதிச் சீட்டு முறை நடைமுறைக்கு வந்தது.

திரையில் தோன்றும் குகையில் ஒளியமைப்பும் கயிறும் உதவியாளர்களும் உண்டு. அவை காட்சியில் தெரிவதில்லை. உண்மையான பிளவில் அவை எதுவும் இல்லை. திரைப்படத் தொடர்பை இனங்காண விரும்புவோர்க்குத் தேவையான பாறை முகப்பும், வேர்களும், ஒளி விழும் திசையும் வேலிக்கு வெளியிலிருந்தே காணக் கூடியவை.

இவற்றையும் பார்க்க

* குணா (திரைப்படம்)
* மஞ்ஞும்மல் பாய்ஸ்
* தூண் பாறைகள்
* பழனி மலைகள்
* அபிராமி பட்டர்
* ஒளியும் ஒலியும்